பேசினால் மனச்சோர்வு தீருமா?

கேள்வி: மனச்சோர்வுக்குக் கவுன்சிலிங் போகச் சொல்கிறார்கள். வெறும் பேச்சு நோயை எப்படித் தீர்க்கும்? நெருங்கிய நண்பனிடம் பேசினால் போதாதா?

இதே கேள்வியை 2021 செப்டம்பரில் என் மனைவியிடம் நானும் கேட்டேன். "பேசுவதற்கு 700 ரூபாயா? வீட்டில் நீ இருக்கிறாய், கடையில் பத்துப் பேர் இருக்கிறார்கள்" என்றேன். "எங்களிடம் நீங்கள் எங்கே பேசுகிறீர்கள்?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு மாதமாக ஆம், இல்லை தவிர நான் எதுவும் பேசியிருக்கவில்லை.

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அந்த ஆண்டு ஜி.எஸ்.டி. தாக்கலில் ஒரு தொகையை மாற்றிப் போட்டுவிட்டேன். முதலாளி வட்டியோடு கட்டினார், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு மறந்தே போனார். எனக்குத்தான் மறக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். சோறு மண்ணைப் போல இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் அடுத்த வீட்டு வானொலி போலத்தான் கேட்டது. அந்த ஒரு பிழைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். அதற்கு வெகுநாள் முன்பே உள்ளே ஏதோ தேயத் தொடங்கியிருக்க வேண்டும்.

முதலில் போன ஆலோசகர் சரியில்லை. "உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்துப் பாருங்கள்" என்றார். இருபது நிமிடம் தம் மகனின் படிப்பைப் பற்றிச் சொன்னார். காலையில் எழுந்து குளிர்ந்த நீரில் குளிக்கச் சொன்னார். நீங்கள் சொல்லும் 'வெறும் பேச்சு' இதுதான். இதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை, நம் சொந்தக்காரர்கள் இலவசமாகவே சொல்வார்கள். 'கவுன்சிலர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை.

பிறகு மனநல மருத்துவரைப் பார்த்தேன். தைராய்டு, ரத்தசோகை எல்லாம் சோதித்துவிட்டு மாத்திரை எழுதினார், கூடவே ஓர் உளவியலாளரிடமும் அனுப்பினார். அந்த அம்மா முதல் நாள் ஒன்பது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் 27. எண் கூடக் கூடச் சோர்வும் அதிகம். எனக்கு 17 வந்தது. அடுத்து, "சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா?" என்று நேராகவே கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள், ஆனால் அப்படி நடப்பதில்லை. "உண்டு" என்று சொன்ன மாத்திரத்தில் எனக்கு மூச்சு இறங்கியது.

மூன்றாவது அமர்வைத்தான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். "என்னால் கடை மூழ்கிவிடும்" என்று சொல்லியிருந்தேன். அவர் மறுக்கவில்லை, தேற்றவில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து மூன்று கட்டம் போடச் சொன்னார்: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, அதற்கு என்ன சாட்சி. "வரித் தாக்கலை எப்போதிலிருந்து செய்கிறீர்கள்?" 2007இல் வாட் வந்ததிலிருந்து என்றேன். "மாதம் ஒன்றா? அப்படியானால் இதுவரை எத்தனை?" பெருக்கிப் பார்த்தேன், 168. "அதில் எத்தனை தவறு?" நான் பதில் சொல்லவில்லை. "எழுதுங்கள்" என்றார். 168, அதன் கீழே 1 என்று எழுதினேன். "இதே பிழையை உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் பையன் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?" கொஞ்சம் யோசித்து, "போய் டீ குடித்துவிட்டு வா, திருத்திக்கொள்ளலாம் என்றிருப்பேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அதையும் எழுதுங்கள்."

கணக்கு எழுதிப் பிழைப்பவன், பற்றை மட்டும் எழுதி வரவை எழுதாமலே பேரேட்டை மூடியிருக்கிறேன்! இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். என் கையாலேயே எழுத வைத்ததால் தப்பினார்.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். ஃபிராய்டு வழியில் பயின்ற அவர், 1960களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு நோயாளிகளிடம் ஒன்றைக் கவனித்தார். அவர்கள் வெளியே பேசும் பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. 'நான் உதவாக்கரை', 'இனி எதுவும் மாறாது' என்று கூப்பிடாமல் வரும் எண்ணங்கள். வந்து போவது ஓர் எண்ணம் என்று நோயாளிக்குத் தெரிவதில்லை, நிஜம் என்றே நம்பிவிடுகிறார். அதைப் பிடித்து நிறுத்திச் சாட்சி கேட்கப் பழக்குவதே இந்தச் சிகிச்சை.

இன்னொரு பாதி, உடம்பை அசைப்பது. மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திருந்தால் மனம் வராது, செய்த பிறகுதான் வரும் என்றார் என் உளவியலாளர். தினமும் பதினைந்து நிமிடம் சைக்கிளைத் துடைக்க வேண்டும், அதில் கிடைத்த திருப்திக்குப் பத்துக்கு எத்தனை என்று குறிக்க வேண்டும். முதல் வாரம் 2 போட்டேன். அந்த இரண்டைப் பார்த்து அவர் மகிழ்ந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஐந்தாவது வாரம் "இதனால் பைசா பிரயோசனமில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டேன். கோபித்துக்கொள்ளாமல் அன்றைய அமர்வு முழுவதும் அதைப் பற்றியே பேசினார்.

இதெல்லாம் படித்தவர்களுக்கு, பணக்காரர்களுக்கு என்று நினைக்க வேண்டாம். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு, மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வு இப்படிப் பேச வைத்தது. கடும் மனச்சோர்வில் இருந்த ஏறக்குறைய 500 பேரிடம் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இந்த அமர்வுகளும் பெற்றவர்கள் அதிகமாகத் தேறினார்கள். முடிவு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

நண்பன் போதாதா என்று கேட்டீர்கள். நண்பன் வேண்டும்தான். ஆனால் அவனுக்கு நாம் சீக்கிரம் சரியாக வேண்டும், நமக்கோ அவனை வருத்தக்கூடாது. இரண்டு பேரும் சேர்ந்து பாதியை மறைத்துவிடுவோம். மேலும் சைக்கிள் துடைத்தாயா என்று வாராவாரம் அவன் கேட்கமாட்டான்.

பேச்சு மட்டுமே என்னைத் தேற்றியது என்று சொன்னால் பொய். மாத்திரையையும் ஓர் ஆண்டுக்கு மேல் எடுத்தேன், மருத்துவர் சொல்லித்தான் படிப்படியாக நிறுத்தினேன். பன்னிரண்டாவது அமர்வில் அதே தாளை மறுபடி நிரப்பியபோது 6 வந்தது. பணம் தடையாக இருந்தால் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இரவு தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

போன மாதம் வரித்துறையிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. வயிறு பழையபடி கலங்கியது. மேசை இழுப்பறையில் அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. எடுத்து மூன்று கட்டம் போட்டேன். மூன்றாவது கட்டத்தை எழுதி முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது.