வாசகர் கேள்வி: மதில் ஓரத்தில் ராட்சத நத்தையா?

கேள்வி: மழை விட்டதும் மதில் ஓரம் விரல் நீள நத்தைகள் ஊர்கின்றன. கூடு கூம்பு வடிவம், பழுப்புக் கோடுகள். ஆப்பிரிக்க ராட்சத நத்தை என்கிறார்கள். வயல் நத்தையாக இருக்காதா?

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். வெயிலில் கிடந்த கூட்டின் மேல்தோல் உரிந்து, கோடுகள் மங்கிவிடும்.

முதலில் கூட்டின் வாயை, அதாவது நத்தை வெளியே வரும் திறப்பைப் பாருங்கள். வயல் நத்தை உடலை உள்ளிழுத்ததும் கெட்டியான மூடி ஒன்று கதவு போல வாயை அடைக்கும். ராட்சத நத்தைக்கு அந்த மூடி கிடையாது. வறட்சியில் உறங்கும்போது மட்டும் வாயில் வெள்ளைப் படலம் கட்டிக்கொள்ளும். அதை மூடி என்று எண்ணித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நகம் பட்டாலே படலம் உடையும்.

அடுத்து, காலிக்கூடு ஒன்றை உச்சி மேலாக, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். அதன் உள்விளிம்பில், கூட்டின் நடுத்தண்டு இறங்கி வருவது தெரியும். ராட்சத நத்தையில் அந்தத் தண்டு வாயின் விளிம்போடு வழவழப்பாகச் சேராது. கத்தியால் நறுக்கியதுபோல் சட்டென்று நின்றுவிடும். வெள்ளையாகவோ லேசாக நீலம் பாய்ந்தோ இருக்கும். உறுதியான அடையாளம் இதுதான். உள்நாட்டுச் சிறு நத்தைகள் சிலவற்றுக்கும் இந்த வெட்டு உண்டு என்பதால் அளவையும் சேர்த்துப் பாருங்கள்: வளர்ந்த ராட்சத நத்தையின் கூட்டில் 7 முதல் 9 சுற்றுகள், நீளம் பொதுவாக 5 முதல் 10 செ.மீ., அரிதாக 20 செ.மீ.

கேள்வி: ஆப்பிரிக்க நத்தை இங்கே எப்படி வந்தது?

பதில்: தாயகம் கென்யா, தான்சானியா உள்ளிட்ட கிழக்கு ஆப்பிரிக்கக் கரை. 1847-இல் பென்சன் என்பவர் மொரீஷியசிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவின் சௌரிங்கியில் ஒரு தோட்டத்தில் விட்டார். இன்று இலங்கை, தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள், பிரேசில் வரை பரவியிருக்கிறது. ஊர்ந்தே இவ்வளவு தூரம் போகவில்லை. தொட்டிச் செடி, மண், மரக்கட்டை என்று நாம்தான் சுமக்கிறோம். ஒவ்வொரு நத்தையிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. ஒருமுறை இணைந்தபின் விந்தைப் பல மாதம் சேமித்துவைக்கும். அதனால் தனி நத்தை ஒன்றே புதிய ஊரில் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுவிடும். அமெரிக்காவின் புளோரிடாவில் 1966-இல் ஒரு சிறுவன் கொண்டுவந்த மூன்று நத்தைகள் பெருகி, 1975-இல்தான் ஒழிந்தன. 2011-இல் மறுபடி தலைகாட்டின.

புதுத் தொட்டி வாங்கினால் மேல்மண்ணைக் கிளறி, பட்டாணி அளவில் வெளிர்மஞ்சள் முட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எலியின் நுரையீரலில் வாழ்ந்து மனிதருக்கும் நோய் தரும் எலி நுரையீரல் புழுவைச் சுமக்கும் நத்தை இது, வெறுங்கையால் தொடாதீர்கள். காலிக்கூடுகளை நொறுக்கிப் புதையுங்கள். அவற்றில் மழைநீர் தேங்கினால் கொசு முட்டையிடும்.