நோம்பி முடியட்டும், அப்புறம் கூட்டி வாருங்கள்

வணக்கங்க. தீபாவளி நோம்பிக்கு பனியன் கம்பெனி லீவு, பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள், அதனால் காப்பகத்தில் பார்த்த பெட்டை நாயை இப்போதே திருப்பூருக்குக் கூட்டிவந்து, நோம்பியன்று கோபியில் மாமனார் வீட்டுக்கும் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தத்தெடுக்கும் எண்ணம் ரொம்ப நல்லது. நாள்தான் சரியில்லை. புது இடம், புது ஆட்கள் என்று அரண்டு கிடக்கும் நாய்க்கு வெடிச்சத்தமும் சேர்ந்தால், கேட் திறந்த நொடியில் ஓடிவிடும். வீடு இன்னும் பழகியிருக்காது, திரும்பி வர வழியும் தெரியாது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் வகுத்தும் நம் தெருக்களில் நாள் முழுக்க வெடிக்கிறார்கள். கோபிக்குப் போனால் அது இன்னொரு புது இடம்.

நோம்பி முடிந்து கூட்டிக்கொள்வதாகக் காப்பகத்தில் சொல்லிவையுங்கள். அதுவரை பிள்ளைகளோடு போய்ப் பார்த்து வாருங்கள். அதுவாகப் பக்கத்தில் வந்து கையை முகரும்வரை தொடாமல் இருக்க அவர்களைப் பழக்குங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சீட்டு இருக்கிறதா, கருத்தடை ஆகிவிட்டதா என்றும் கேட்டுவிடுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அப்புறம், மிச்சமிருக்கும் பலகாரத்தில் கவனம். லட்டில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சாக்லேட்டும் வெங்காயமும் ஆகாது. முதல் வாரம் காப்பகத்தில் போட்ட சாப்பாட்டையே போடுங்கள்.

லீவு முடிந்து எல்லோரும் கிளம்பியபின் பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள்? அதை எழுதுங்கள், அதற்கேற்ப மேற்கொண்டு சொல்கிறேனுங்க.