பத்தாம் வகுப்போடு முடிந்துபோகும் குடிமையியல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், உயிரியல் பிரிவு. பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் 96 மதிப்பெண் எடுத்தவன். போன மாதம் எங்கள் தெருவிளக்கு பல நாள் எரியவில்லை. யாரிடம் சொல்லலாம் என்று அவனிடம் கேட்டேன். வி.ஏ.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுக்கலாம் என்றான். வி.ஏ.ஓ.வுக்கும் ஊராட்சிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் முழிக்கிறான். குடியரசுத் தலைவரின் நெருக்கடிநிலை அதிகாரங்கள் எத்தனை வகை என்றால் மூன்று என்று பிரிவு எண்களோடு சொல்கிறான்.

பிளஸ் ஒன், பிளஸ் டூவில் எல்லாப் பிரிவினருக்கும் குடிமையியலைக் கட்டாயத் தாளாக்கி, பொதுத்தேர்வும் வைத்தால்தான் பிள்ளைகள் ஒழுங்காகப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். அதிலும் கடமைகளைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். உரிமைகள் எப்படியும் தெரிந்துவிடுகின்றன. உங்கள் கருத்து என்ன? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிளஸ் டூ வரை எல்லோருக்கும் குடிமையியல் கட்டாயம் வேண்டும். இதில் உங்களோடு முழுக்கச் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் பொதுத்தேர்வு வேண்டாம். கடமையை முதலில் வைப்பதும் சரியாகப் படவில்லை.

முதலில் தேர்வைப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு வரை குடிமையியல் ஏற்கெனவே கட்டாயம்தான். வரலாறு, புவியியல், பொருளியலோடு சேர்ந்து சமூக அறிவியல் புத்தகத்தில் வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்புகளுக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. உங்கள் மகன் அதையெல்லாம் படித்து, தேர்வும் எழுதித்தான் 96 வாங்கினான். அவனிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் எழுதியிருக்கிறான். 73-ஆவது திருத்தம் எந்த ஆண்டு, ஊராட்சியில் எத்தனை அடுக்கு, மாநிலங்களவையில் எத்தனை உறுப்பினர் என்றுதான் வினாத்தாள் கேட்கும். உங்கள் தெருவிளக்கைப் பற்றி அதனால் கேட்க முடியாது. ஊருக்கு ஊர் விடை மாறும் கேள்வியை மாநிலம் முழுவதற்கும் ஒரே விடைக்குறிப்பை வைத்துத் திருத்த வழியில்லை. இன்னொரு தாள் வைத்தால் இன்னும் சில பிரிவு எண்களை மனப்பாடம் செய்வார்கள், அவ்வளவுதான்.

அந்தத் தெருவிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. விளக்கும், அது எரியும் மின்சாரத்துக்கான கட்டணமும் ஊராட்சியின் பொறுப்பு. கம்பி அறுந்து தொங்கினால் மின்வாரியத்துக்குப் போக வேண்டும், விளக்கு போனால் ஊராட்சிக்குப் போக வேண்டும். வி.ஏ.ஓ. வருவாய்த் துறைக்காரர். பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று என்று அவர் பார்க்கும் வேலைகள் வேறு, அவருக்கு மேலே இருப்பவர் தாசில்தார். ஊராட்சிச் செயலர் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருகிறார், அவருக்கு மேலே வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ. ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனால் இந்த இருவருமே இல்லை, வட்ட வழங்கல் அலுவலர். இது ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடக்கூடிய விஷயம். தெரியாத காரணத்தால் எத்தனை பேர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், 'இது எங்க வேலை இல்லைம்மா' என்ற பதிலோடு திரும்பி வருகிறார்கள். வசதி உள்ளவர் தெரிந்தவருக்கு ஒரு போன் போட்டு முடித்துக்கொள்வார். இல்லாதவருக்குத்தான் இந்தப் படிப்பு தேவை. அரசுப் பள்ளியில் இது கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே அதுதான்.

இன்னொன்றும் உண்டு. உள்ளாட்சியின் பதவிக்காலம் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்துவிட வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். புத்தகத்திலும் ஐந்தாண்டு என்றுதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. நகராட்சி, மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. மறுபடியும் 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள், உங்கள் கோவை மாவட்டமும் அதில் சேர்த்தி. அந்த நாட்களில் பள்ளியில் இருந்த பிள்ளைகள் தலைவர் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ஊராட்சித் தலைவரின் பணிகளைப் படித்தார்கள். 'நம்ம ஊருக்கு ஏன் சார் தலைவர் இல்லை?' என்று ஒரு பிள்ளை கேட்டு, ஆசிரியர் வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று விளக்கியிருந்தால் அந்த ஒரு பீரியட் போதும், பாடம் முழுக்கப் புரிந்திருக்கும்.

கடமைக்கு வருகிறேன். அடிப்படைக் கடமைகள் அரசமைப்புச் சட்டத்தில் முதலில் கிடையாது. நெருக்கடிநிலை அமலில் இருந்த 1976-இல், 42-ஆவது திருத்தத்தின் வழியாகப் பத்துக் கடமைகள் சேர்ந்தன. பதினொன்றாவது 2002-இல் வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிற அந்தக் கடமை பெற்றோருடையது. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடமையை மட்டும் கற்றுத்தரும் பள்ளி என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், ஒரே வீட்டுப் பிள்ளைகள், தேசிய கீதம் பாடவில்லை என்று பள்ளியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். எல்லோரோடும் சேர்ந்து அமைதியாக எழுந்து நின்றார்கள். பாட மட்டும் அவர்கள் சமய நம்பிக்கை இடம் தரவில்லை. உயர் நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. மரியாதையாக எழுந்து நிற்பதே போதும், பாடாததற்காகத் தண்டிப்பது பேச்சுரிமைக்கும் சமய உரிமைக்கும் எதிரானது என்றது. நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் அதைப் போதிக்கிறது, நம் அரசமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விட வேண்டாம் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பை முடித்தார். இதை ஒரு பிளஸ் ஒன் வகுப்பில் படித்துக் காட்டி, அந்தத் தலைமையாசிரியரின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மணி அடித்தாலும் பிள்ளைகள் பேச்சை நிறுத்த மாட்டார்கள்.

உரிமை எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடமே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். உங்கள் மகன் படிக்கும் பள்ளியில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன தீர்மானம் போட்டது என்று தெரியுமா? பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் காரணம்.

சரி, தேர்வு இல்லாமல் எப்படி நடத்துவது? பிளஸ் ஒன் பொதுத்தேர்வை அரசு 2025-இல் கைவிட்டிருக்கிறது. பிளஸ் ஒன் வகுப்பில் வாரம் இரண்டு பீரியட் ஒதுக்கினால் போதும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் நான்கு விடுமுறை நாட்கள், வகுப்பு கெடாது. தீர்மானத்துக்குக் கை தூக்க வாக்காளராக இருக்க வேண்டும், உட்கார்ந்து கவனிக்க அது தேவையில்லை. ஊராட்சியின் வரவு செலவைப் படிக்கும்போது பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர் வரை வர வேண்டும் என்கிறது விதி. உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணட்டும். நகரத்துப் பிள்ளைகளுக்கு, வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபை இருக்கிறது. பிறகு வகுப்புக்கு ஒரு தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். காந்திக்கு 'தேசத் தந்தை' என்ற பட்டத்தை எந்த ஆணை தந்தது என்று லக்னோவில் ஒரு பள்ளிச் சிறுமி 2012-இல் இப்படித்தான் கேட்டாள். பிரதமர் அலுவலகம் உள்துறைக்கு அனுப்பியது, உள்துறை தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியது. கடைசியில் அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று பதில் வந்தது. ஒரு கேள்வி அரசாங்கத்துக்குள் எப்படி நடந்து போகிறது என்று அந்தப் பிள்ளை நேரிலேயே பார்த்துவிட்டாள்.

இதில் உண்மையான சிக்கல் ஆசிரியர்களின் பயம். மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 1996 முதல் பத்தாண்டு அங்கே தலைவர் நிலைக்கவில்லை. யாரும் மனு போடவில்லை, அல்லது ஜெயித்தவர் உடனே பதவி விலக வேண்டியிருந்தது. 2006-இல்தான் அது மாறியது. மேலவளவில் அப்படி ஜெயித்து வந்த ஊராட்சித் தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்துக் கொன்றார்கள், உடன் வந்தவர்களையும் கொன்றார்கள். இடஒதுக்கீட்டுத் தொகுதி என்றால் என்ன என்பதை இந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லாமல் எப்படிக் கற்பிப்பது? ஆனால் வகுப்பில் ஓர் ஆசிரியர் இதைப் பேசினால் மறுநாள் யாராவது வந்து சண்டை போடலாம், இடமாற்றமும் வரலாம். அதனால் கட்டாயம் என்று ஆணை போட்டால் மட்டும் போதாது. எதையெல்லாம் பேசலாம் என்று பாடத்திட்டத்திலேயே எழுதி, பேசிய ஆசிரியருக்குத் துறை துணை நிற்கும் என்ற உறுதியையும் தர வேண்டும்.

அரசமைப்பு அறநெறி இயல்பாக வரும் உணர்வு அல்ல, பயின்று வளர்க்க வேண்டியது, நம் மக்கள் அதை இன்னும் கற்கவில்லை என்று அரசமைப்பு அவையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் சொன்னார். கற்கும் இடம் பள்ளியை விட்டால் வேறு எங்கே இருக்கிறது?

உங்கள் மகனுக்கு இப்போதைக்கு இரண்டு வேலை கொடுங்கள். அடுத்த கிராம சபைக்குக் கடையைச் சற்று நேரம் பூட்டிவிட்டு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். தெருவிளக்கு பற்றிய மனுவை அவனே எழுதட்டும், நீங்கள் வாக்காளர் என்பதால் உங்கள் கையால் கொடுங்கள். 17 வயது முடிந்ததும் வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம், 2022-இலிருந்து அதற்கு வழி இருக்கிறது. அந்தப் படிவத்தையும் அவனே நிரப்பட்டும். மனுவுக்கு ஊராட்சியில் என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.