கம்பி விலை ஏறினால் யார் தலையில்?

இந்த முறை டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கட்டுமானக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: ரேட் பேசும்போது ஒரு விலை, வேலை நடக்கும்போது வேறு விலை. அவற்றில் 4 கடிதங்களுக்கு இங்கே பதில்.

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் மெட்டீரியலோடு கான்ட்ராக்ட் எடுத்து வீடு கட்டித் தருகிறேன். 1,200 சதுர அடி, சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று தை மாதம் பேசி அட்வான்ஸ் வாங்கினேன். தளம் போடும் நேரத்தில் கம்பி கிலோவுக்கு 8 ரூபாயும் சிமெண்ட் மூட்டைக்கு 40 ரூபாயும் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் எனக்கு மாமா முறை. எப்படிக் கேட்பது? அடுத்த வேலைக்கு எப்படி ரேட் கொடுப்பது?

பதில்: முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். சாதாரண வீட்டுக்குச் சதுர அடிக்கு மூன்றரை முதல் 4 கிலோ கம்பி, 0.4 மூட்டை சிமெண்ட் என்பது வழக்கமான தோராயம். 4 கிலோ என்றே வைத்தாலும் உங்கள் வீட்டுக்கு 4,800 கிலோ கம்பி, 480 மூட்டை சிமெண்ட். கம்பியில் 38,400, சிமெண்டில் 19,200, ஆக 57,600 ரூபாய். மொத்த வேலை 27,60,000 ரூபாய் என்பதால் இது 2 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் 8 சதவீத லாபம் வைத்து ரேட் பேசியிருந்தால் அந்த லாபத்தில் கால்வாசிக்கு மேல் இதிலேயே போய்விடும், அதனால் உங்கள் கவலை நியாயமானது. இன்னொன்று, இது முழு வீட்டுக்கான கணக்கு. கடைக்கால், பில்லர், சுவர் எல்லாம் பழைய விலைச் சரக்கில் முடிந்திருக்கும். விலை ஏறிய பிறகு வாங்கியதற்கும் இனி வாங்க வேண்டியதற்கும் மட்டும் பில்லை வைத்துக் கணக்கெடுங்கள், மாமாவிடம் கேட்கிற தொகை அதுவாக இருக்கட்டும்.

கேட்கத் தயங்காதீர்கள். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொள்கிறவர் வேலையில் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும்: பூச்சுக் கலவையில் சிமெண்ட் குறைகிறது, 5 அங்குலத்துக்கு ஒன்று வர வேண்டிய கம்பி 7 அங்குலத்துக்குப் போகிறது, ஆள் வராமல் வேலை இழுக்கிறது, கடைசியில் வீடும் கெட்டு உறவும் கெடுகிறது. பேசிய அன்றைய பில், இன்றைய பில் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் வித்தியாசத்தில் பாதியை அவர் ஏற்க முடியுமா என்று கேளுங்கள். உரிமையாகக் கேட்க முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். எழுத்தில் இல்லாதவரை விலை ஏறியது என்பது ஒப்பந்தத்திலிருந்து விலகவோ கூடுதல் கேட்கவோ காரணமாகாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு செய்யவே முடியாமல் போன வேலைக்குத்தான் பொருந்தும், நஷ்டமாகிப்போன வேலைக்கு அல்ல. ராணுவத்துக்கு நெய் சப்ளை செய்தவர்கள் போரால் செலவு கூடிவிட்டது என்று கூடுதல் தொகை கேட்ட அலோபி பர்ஷாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, அடுத்த வேலை. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒற்றை எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கொட்டேஷனில் ஐந்து பொருளின் அன்றைய விலையைத் தேதியோடு எழுதுங்கள்: கம்பி கிலோ, சிமெண்ட் மூட்டை, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) யூனிட், அதாவது 100 கன அடி, ஜல்லி யூனிட், செங்கல் ஆயிரம். ஒவ்வொன்றும் எத்தனை ஆகும் என்ற அளவையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்புறம் இப்படி ஒரு வரி: "விலை 5 சதவீதத்துக்குள் ஏறினாலும் இறங்கினாலும் ரேட் மாறாது. அதைத் தாண்டினால், தாண்டிய தொகை மட்டும், மேலே எழுதிய அளவுக்கு, கடை பில்படி கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும்." அளவு கூடினால் அது உங்கள் பாடு, ஏனென்றால் எஸ்டிமேட் போட்டதும் வேஸ்டேஜைப் பார்க்க வேண்டியதும் நீங்கள். விலை கூடினால் அது இருவர் பாடு, ஏனென்றால் கம்பி விலையை நீங்களும் நிர்ணயிக்கவில்லை, அவரும் நிர்ணயிக்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் சண்டையில் பெரும்பகுதி குறைந்துவிடும். கொட்டேஷன் 15 நாளைக்குத்தான் செல்லும் என்பதையும் எழுதுங்கள். தையில் ரேட் வாங்கிக்கொண்டு வைகாசியில் வந்து அதே ரேட்டுக்கு ஆரம்பிக்கச் சொல்கிறவர்கள் உண்டு.

கம்பியையே பார்த்துக்கொண்டு ஜல்லியை மறந்துவிடாதீர்கள். நம் டெல்டா முழுக்க வண்டல், இங்கே பாறை கிடையாது. ஜல்லியும் எம்-சாண்டும் புதுக்கோட்டை, திருச்சி பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். 1,200 சதுர அடிக்கு இரண்டும் சேர்த்துச் சுமார் 38 யூனிட் ஆகும், யூனிட்டுக்கு 1,000 ரூபாய் ஏறினால் 38,000, அதாவது நீங்கள் கம்பிக்குக் கவலைப்படுகிற அதே தொகை. 2025 ஏப்ரலில் கல் உடைக்கும் கிரஷர், குவாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது விலையை விடுங்கள், சரக்கு கிடைப்பதே கேள்வியாக இருந்தது. இதோடு ஆற்றங்கரை, வாய்க்கால் கரைச் சாலைகளில் பெரிய டிப்பர் உள்ளே வராது, மெயின் ரோட்டில் கொட்டி டிராக்டரில் மாற்ற வேண்டும். அந்த மாற்றுக் கூலியை முதல் நாளே மனைக்குப் போய்ப் பாதையைப் பார்த்துத் தனி வரியாக எழுதுங்கள், மழைக்காலமானால் அது கூடும் என்பதையும் சேர்த்து.

கேள்வி: கும்பகோணத்தில் வீடு கட்டுகிறோம். கான்ட்ராக்டர் விலை ஏறினால் கூடுதல் தர வேண்டும் என்று அக்ரிமென்டில் எழுதச் சொல்கிறார். இது ஏமாற்று வேலையா? சிமெண்டுக்கு வரி குறைந்தபோது என் தங்கை வீட்டில் கான்ட்ராக்டர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

பதில்: எழுதச் சொல்வது ஏமாற்று இல்லை அம்மா. எழுதாமல் ரேட்டைக் குறைத்துச் சொல்லிவிட்டுப் பாதியில் கையை விரிக்கிறவரிடம்தான் பயப்பட வேண்டும். ஆனால் அவர் ஏறினால் என்று மட்டும் எழுதியிருந்தால் இறங்கினால் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். விலை இறங்கவே இறங்காது என்று நினைக்க வேண்டாம். 2022-ல் உக்ரைன் போரை ஒட்டிக் கம்பி விலை எக்கச்சக்கமாக ஏறியது. அந்த மே மாதம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டதும் விலை நன்றாகவே இறங்கியது, நவம்பரில் அந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். ஏறிய நேரத்தில் ரேட் பேசி, இறங்கிய நேரத்தில் தளம் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

வரி விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. கம்பெனி தன் அடிப்படை விலையை மாற்றாமல் இருந்தால் 350 ரூபாய் மூட்டை 323-க்கு வர வேண்டும், 400 மூட்டைக்கு 10,800 ரூபாய். உங்கள் தங்கையின் அக்ரிமென்டில் விலை பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றால் கான்ட்ராக்டர் குறைக்கக் கடமைப்பட்டவர் அல்ல. விலை ஏறியிருந்தால் அவராலும் கேட்டிருக்க முடியாதே. எழுத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் பேசலாம், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் வாய் மூட வேண்டும்.

கம்பியையும் சிமெண்டையும் நாங்களே வாங்கித் தந்துவிடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தரலாம், விலைத் தகராறு அதோடு போய்விடும். ஆனால் அளவு உங்கள் பாடு ஆகிவிடும். வெட்டி வீணாகும் கம்பி, இரவு மழையில் நனைந்த மூட்டை எல்லாம் உங்கள் கணக்கில் வரும், தினமும் போய் நின்று பார்க்க வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: மயிலாடுதுறை மாவட்டத்தில் சின்ன அரசு வேலைகள் எடுக்கிறேன். எல்லோரும் மைனஸ் போட்டு, அதாவது எஸ்டிமேட் தொகையைவிடச் சில சதவீதம் குறைத்துக் கேட்டு எடுக்கிறார்கள். போடாவிட்டால் வேலை கிடைப்பதில்லை, போட்டால் விலை ஏறும்போது தாங்க முடிவதில்லை. என்ன செய்வது?

பதில்: டெண்டர் படிவத்தில் முதலில் தேட வேண்டியது விலை மாற்றப் பிரிவு இருக்கிறதா என்பதை. மத்திய பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனைகளில் 10சிஏ, 10சிசி என்ற பிரிவுகள் இருக்கின்றன, முதலாவது சிமெண்ட், கம்பி போன்ற குறிப்பிட்ட பொருள்களுக்கு, இரண்டாவது நீண்ட கால வேலைகளில் பொருள், கூலி எல்லாவற்றுக்கும். நீங்கள் எடுக்கிற மாதிரி சில மாத வேலைகளில் பெரும்பாலும் இப்படி ஒன்றும் இருக்காது, ஏற்றம் முழுக்க உங்கள் தலையில்தான். அப்படி ஒரு பிரிவு இருந்தாலும் அது அநேகமாக நாடு தழுவிய விலைக் குறியீட்டை வைத்துத்தான் கணக்கிடப்படும். புதுக்கோட்டையில் கிரஷர் மூடிக் கிடப்பதெல்லாம் அந்தக் குறியீட்டில் தெரியாது.

அதனால் மைனஸ் எத்தனை சதவீதம் என்று பக்கத்து ஆளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எஸ்டிமேட் எந்த ஆண்டின் விலை விகிதப் பட்டியலில் போடப்பட்டது என்று பாருங்கள். பழைய பட்டியல் என்றால் மைனஸ் போடுவதற்கு முன்பே நீங்கள் மைனஸில்தான் இருக்கிறீர்கள். ஜல்லி, மணல் எந்த இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று எடுத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள், நீங்கள் உண்மையில் எடுக்கப்போகிற குவாரி அதைவிடத் தூரமாக இருந்தால் அந்த வாடகை உங்கள் கையிலிருந்து போகும். பிறகு தேதி. டெண்டர் திறந்து வொர்க் ஆர்டர் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகுமென்றால், ஆவணியில் போடுகிற டெண்டருக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை ஆரம்பிக்க வேண்டி வரும். அந்த நேரத்தில் செங்கல் சூளை ஓடாது, செங்கல் விலை வேறு, லோடு வருவதும் வேறு. இன்றைய விலையை வைத்துப் போட்டால் எப்படிக் கட்டும்?

இன்னொன்றை யாரும் விலை என்றே எண்ணுவதில்லை, பில் தாமதம். பில் 4 மாதம் கழித்து வரும் என்றால் நீங்கள் டீலரிடம் கடனுக்கு வாங்குகிறீர்கள், கடன் விலை ரொக்க விலையை விடக் கூடுதல், அதற்கு மேல் வெளியில் வாங்கிய வட்டி. சந்தையில் விலை ஒரு ரூபாய்கூட ஏறாமலே உங்களுக்கு ஏறிவிடுகிறது. டெண்டருக்கு முன் கம்பி, சிமெண்ட் இரண்டுக்கும் டீலரிடம் கடன் விலையைக் கேட்டு எழுதி வாங்கி அதை வைத்துப் போடுங்கள். இதெல்லாம் சேர்த்தும் மைனஸுக்கு இடமில்லை என்று கணக்கு சொன்னால், அந்த வேலை போகட்டும், விட்டுவிடுங்கள். மைனஸ் போட்டு எடுத்துப் பாதியில் நின்றால் கட்டிய டெபாசிட்டும் போகும், அடுத்த டெண்டருக்குப் பெயரும் கெடும்.

கேள்வி: வேதாரண்யம் பக்கம். மகன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறான். விலை ஏறுவதற்குள் எல்லாச் சரக்கையும் வாங்கிப் போட்டுவிடலாமா? வேலை ஆரம்பிக்க 6 மாதம் ஆகும்.

பதில்: சிமெண்ட் வேண்டவே வேண்டாம். நன்றாக அடுக்கி வைத்தாலே 3 மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு பலம் குறைந்துவிடும் என்பது பொதுவான கணக்கு, உங்கள் ஊர் ஈரக் காற்றில் கட்டி தட்டவும் செய்யும். எம்-சாண்ட், ஜல்லியைக் கொட்டி வைத்தால் மழையில் கொஞ்சம் மண்ணோடு போகும், அக்கம்பக்கத்தில் அள்ளவும் அள்ளுவார்கள். செங்கல் வாங்கலாம், மழைக்கு முன் வாங்கி மேட்டில் அடுக்கி மூடி வைத்தால் கெடாது.

கம்பிதான் நீங்கள் யோசிக்க வேண்டியது. உப்பளம் சூழ்ந்த ஊரில் 6 மாதம் திறந்த வெளியில் கிடந்தால் உப்புக் காற்றில் செதில் செதிலாகத் துரு பிடிக்கும், அப்புறம் அதைத் தேய்த்து எடுக்கக் கூலி. சரக்கை எடுக்காமல், நம்பிக்கையான டீலரிடம் முழுப் பணம் கட்டி விலையை மட்டும் புக் செய்யுங்கள். எடுக்கும்போது கம்பி எண்ணிக்கையை நம்பாமல் எடை மேடையில் எடை போடுங்கள். 12 மீட்டர் நீளத்தில் 8 எம்எம் கம்பி 4.74 கிலோ, 12 எம்எம் 10.66 கிலோ இருக்க வேண்டும், சின்னக் கம்பியில் 7 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தைத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது என்பதால் எண்ணி வாங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். புக் செய்கிற பில்லில் எந்த எம்எம் எத்தனை கிலோ பாக்கி என்று எழுதி வாங்குங்கள். வெறுமனே இத்தனை லட்சம் அட்வான்ஸ் என்று எழுதிக் கொடுத்தால், விலை ஏறிய பிறகு அதே பணத்துக்குக் குறைந்த கிலோதான் வரும்.