ஆர்க்கிட் படிக்கப் போகிறேன் என்கிற மகள்

ஐயா, வணக்கம்.

“பூச்செடி வளர்ப்பதற்கா இத்தனை வருஷம் படிக்க வைத்தோம்?” என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது பயம்தான். நீட் வேண்டாம், இன்ஜினியரிங் வேண்டாம், அழிந்துவரும் ஆர்க்கிட்களை ஆய்வகத்தில் பெருக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள் மகள். அதெல்லாம் ஒரு வேலையா என்பது உங்கள் கேள்வி.

வேலைதான். ஆனால் உங்கள் மகள் நினைப்பதுபோல் பூ பார்க்கிற வேலை இல்லை. வருஷக்கணக்கில் பாட்டில் பார்க்கிற வேலை.

தென்காசிக்காரரான உங்களுக்குப் பக்கத்து மலையையே சொல்கிறேன். அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் ஓர் ஆர்க்கிட் உண்டு, பெயர் பாபியோபெடிலம் துரூரி. மஞ்சள் இதழ்களின் நடுவில் கரும்பழுப்புக் கோடு ஓடும். கீழ் இதழ் குட்டிச் செருப்பின் முன்பக்கம் போலக் குவிந்திருக்கும். நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து 1972இல் மறுபடி கிடைத்தது. கிடைத்ததே அதற்கு வினையாயிற்று. சேகரிப்பவர்கள் வேரோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். காட்டுத்தீ வேறு. இப்படிப்பட்ட செடிக்குத்தான் ஆய்வகம் தேவைப்படுகிறது.

ஆர்க்கிட் விதை வெறும் தூசி. ஒரு காயைக் கீறினால் ஆயிரக்கணக்கில் கொட்டும், சில இனங்களில் லட்சக்கணக்கில். ஆனால் நெல்மணிக்குள் இருப்பது போன்ற கட்டுச்சோறு அதற்குள் கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சை இல்லாமல், சர்க்கரை கலந்த அகார் என்ற கடற்பாசிக் கூழிலேயே முளைக்க வைக்கலாம் என்று 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர் காட்டினார். இன்றைய ஆய்வகங்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகின்றன.

வேலை எப்படி நடக்கிறது? கூழைக் காய்ச்சி பாட்டில்களில் ஊற்றி, ஆட்டோகிளேவில் 121 டிகிரி சூட்டில் வைக்க வேண்டும் (நம் வீட்டு குக்கருக்கு அண்ணன்தான் அது). பிறகு கையை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டு, வடிகட்டிய சுத்தக் காற்று வீசும் லேமினார் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, பச்சைக் காயை ஸ்பிரிட்டில் முக்கி, தீயில் ஒரு கணம் காட்டி, பிளேடால் நீளவாக்கில் கீறி விதையைத் தூவ வேண்டும். கையில் ஸ்பிரிட் காயும் முன் விளக்கை நெருங்கினால் சுட்டுவிடும். எல்லாரும் ஒரு தடவை சுட்டுக்கொண்டவர்கள்தான். நாலைந்து நாளில் ஓரத்தில் பஞ்சு போல வெள்ளையாகத் தெரியும். பூசணம். அந்த பாட்டில் போயிற்று. தப்பிய பாட்டில்களில் வாரங்கள், சில இனங்களில் மாதங்கள் கழித்து, குண்டூசித் தலை அளவில் பச்சைப் புள்ளிகள் வரும். அவை இலை விட்டு, வேர் விட்டு, பாட்டிலை விட்டு வெளியே வந்து காற்றுக்குப் பழக வேண்டும். அங்கேயும் கொஞ்சம் சாகும்.

என்னிடம் ஆலோசனை கேட்டுப் படித்த ஒரு பெண் வேலை பார்த்த இடத்தில் தொடர் விடுமுறையில் ஏசி நின்றுபோய், இரண்டு வருஷ பாட்டில்கள் வீணாயின. திங்கட்கிழமை எனக்கு போன் செய்து அழுதாள். செவ்வாய்க்கிழமை பாட்டில் கழுவ உட்கார்ந்துவிட்டாள். இந்தத் துறைக்கு கட் ஆஃபை விட நான் பெரிதாக மதிக்கும் தகுதி அதுதான். எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம்: இங்கிலாந்தில் ஒரே ஒரு இயற்கைச் செடியாகக் குறைந்துபோன வேறொரு செருப்பு ஆர்க்கிட்டை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தார் ஆய்வகத்தில் வளர்த்து 1989 முதல் காட்டில் நட்டார்கள். அப்படி நட்டதில் முதல் பூ வந்தது 2000இல்.

சரி, சம்பளம். ஆர்க்கிட் பாதுகாப்பை மட்டும் நம்பினால் ஆரம்ப வருஷங்கள் ஒப்பந்தத் திட்டப் பணிகளாகத்தான் இருக்கும். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. முதுகலை முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். ஆனால் ஒன்று: ஆர்க்கிட் விதை தூவும் கைக்குத் திசு வாழைக்கன்றுகளை இதேபோல் பாட்டிலில் வளர்க்கும் ஆய்வகத்திலும் வேலை உண்டு. அங்கே ஆர்க்கிட் இருக்காது, சம்பளம் இருக்கும். ஆகவே பட்டத்தை அகலமாக எடுக்கச் சொல்லுங்கள். என் முதல் தேர்வு, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் நான்கு வருஷ பி.எஸ்சி. தோட்டக்கலை. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். பெண்களுக்கென்றே திருச்சியில் ஒரு கல்லூரி இருக்கிறது. அப்புறம் முதுகலையும் முடித்தால் ஏ.ஆர்.எஸ். என்ற வேளாண் விஞ்ஞானிகளுக்கான தேர்வு எழுதலாம், சிக்கிம் பாக்யோங்கில் உள்ள தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களுக்கு விஞ்ஞானிகள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். தோட்டக்கலையில் இடம் கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல். கடன் வாங்கி, ஒழுங்கான ஆய்வகம்கூட இல்லாத இடத்தில் பயோடெக்னாலஜி சேர்ப்பது மட்டும் வேண்டாம்.

பணம் கட்டும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை வழியாகத் திருவனந்தபுரம் போகும் சாலையில் பாலோடு வருகிறது. அங்கே ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. துரூரியை ஆய்வகத்தில் பெருக்கும் முயற்சியில் இறங்கியவர்கள் அவர்கள். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு மகளை அழைத்துப் போங்கள். நீங்களும் உள்ளே போய்ப் பாருங்கள். திரும்பும்போது பூவைப் பற்றிப் பேசுகிறாளா, பாட்டில்களைப் பற்றிப் பேசுகிறாளா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரி என்பதை அப்புறம் பேசலாம்.