நெருப்படிக் கதைகளைப் பதிவு செய்ய: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்காவில், இடைக்கால ஐரோப்பாவின் உடை, வாள்சண்டை, விருந்து எல்லாவற்றையும் மறுபடி நடத்திப் பார்க்கும் எஸ்.சி.ஏ. அமைப்பில் இருக்கிறேன். பென்சிக் என்ற அதன் வருடாந்தர முகாமில் மூத்தவர்கள் இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பழைய கதைகள் சொல்வார்கள். செல்போனில் பிடித்தேன், பாதி கேட்கவே இல்லை. என்ன செய்ய?
– வாசகி, பிட்ஸ்பர்க்

நெருப்படியில் கதையைக் கேளுங்கள், பதிவு மட்டும் அங்கே வேண்டாம். விறகு வெடிக்கும் சத்தமும் பக்கத்துக் கூடாரத்து முரசும் குரலை விழுங்கிவிடும். யார் எந்தக் கதையைச் சொன்னார் என்று இரவே குறித்துக்கொண்டு, மறுநாள் வெயில் ஏறுமுன் அவரை நிறுத்திவைத்த காருக்குள் உட்காரவையுங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டால் காற்றிரைச்சல் இல்லை. இருக்கைகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் வெடிக்கும். செல்போன் என்றால் ஃப்ளைட் மோடில் போடுங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 1 ஜிபி ஆகும், இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

தொடக்கத்திலேயே தேதி, இடம், சொல்பவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். பெயரில்தான் பலரும் தவறுகிறார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் வீட்டுப் பெயர் ஒன்று, அமைப்புக்குள் வைத்துக்கொள்ளும் சபைப் பெயர் ஒன்று. சபைப் பெயரை நடுவில் மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஒரு பெயரை மட்டும் எழுதிவைத்தால், பின்னால் வருபவர் ஒரே ஆளை மூன்று பேராக எண்ணிவிடுவார். எல்லாப் பெயர்களையும் ஒரு தனிப் பட்டியலில் பூட்டிவையுங்கள். வெளியே எந்தப் பெயர் வரலாம், குரலையே போடலாமா, எழுத்து மட்டும் போதுமா என்று எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கதையில் இன்னொருவரின் காயமோ காதலோ வந்தால் அவரையும் கேட்டாக வேண்டும்.

ஒரே சண்டைக்கு இரண்டு பேர் இரண்டு வருடம் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். எஸ்.சி.ஏ.வின் முதல் போட்டி 1966 மே 1 அன்று பெர்க்லியில் நடந்தது. அமைப்பின் ஆண்டுக்கணக்கு அன்று தொடங்குகிறது, ஒவ்வொரு மே 1-க்கும் ஆண்டு மாறும். ஆண்டு எண்ணோடு 1965-ஐக் கூட்டினால் அது தொடங்கும் வருடம் வரும். '12-ஆம் ஆண்டு' என்றால் 1977 மே முதல் 1978 ஏப்ரல் வரை. அந்த ஆண்டின் பிப்ரவரிச் சண்டையை ஒருவர் 77 என்பார், இன்னொருவர் 78 என்பார்.

முகாமை 'பென்சிக் 48' என்பதுபோல் எண்ணால் சொல்வார்கள், அந்த எண்ணிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் பென்சிக் 1972-ல். 48 வரை எண்ணோடு 1971-ஐக் கூட்டினால் போதும். 2020, 2021-ல் முகாம் நடக்கவில்லை. ஆகவே 49-லிருந்து 1973-ஐக் கூட்டுங்கள்.

வருடம் பொருந்திய பிறகும் கதை வேறுபட்டால் இரண்டையும் அப்படியே வையுங்கள். கலந்து ஒரே கதையாக்கினால், யாருமே சொல்லாத மூன்றாவது கதை ஒன்று பிறந்துவிடும். பெரிய பாவம் அது.

எழுபதுகளின் புகைப்படங்கள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன.

இழுக்காதீர்கள். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, ரம்பம்போல் மெல்ல நகர்த்துங்கள். வராவிட்டால் தாளோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்: 600 டிபிஐ, டிஃப் கோப்பு. பிவிசி உறை படத்தைக் கெடுக்கும், பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். படத்தின் முதுகில் பால்பாயின்ட் பேனா படவே கூடாது. விவரத்தை உறைமேல் எழுதுங்கள், எழுதிய பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

சண்டைப் படங்களில் முகமெல்லாம் தலைக்கவசத்துக்குள் இருக்கும், ஆளைக் காட்டிக்கொடுப்பது கேடயச் சின்னம்தான். அமைப்பின் சின்னப் பதிவேட்டில் வடிவத்தைத் தேடினால் சபைப் பெயரும் பதிவான மாதமும் கிடைக்கும். பதிவதற்கு முன்பே சின்னத்தை வரைந்துகொண்டவர்கள் உண்டு. எனவே அந்த மாதத்தைப் படத்தின் தேதியாக எழுதிவிடாதீர்கள்.