ஊட்டியில் ஒன்பதாம் நம்பர் அயர்ன் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

சென்னையில் பல வருடங்களாக கோல்ஃப் ஆடுகிறேன். ஹேண்டிகேப் (ஒரு சுற்றில் வழக்கமாகக் கூடும் அடிகளின் கணக்கு) 16. போன டிசம்பரில் நண்பர்களோடு ஊட்டி ஜிம்கானா மைதானத்தில் ஆடினேன். “மலையில காத்து லேசு, பத்து பர்சன்ட் கூடப் போகும், எப்பவும் ஒரு கிளப் கொறச்சு எடு” என்று உடன் வந்தவர் சொன்னார், அதாவது தூரம் குறைவாகப் போகும் மட்டை. அப்படியே செய்தேன். காலையில் முதல் சில ஹோல்களில் பந்து கிரீனை (குழி உள்ள வழுவழுப்பான புல்தரை) எட்டவே இல்லை. பத்து மணிக்கு மேல் அதே கணக்கில் அடித்த பந்துகள் கிரீனில் விழுந்து, பின்பக்கமாக ஓடி, மஞ்சள் பூ பூத்த முட்புதருக்குள் போய்விட்டன. சரிவில் நின்று அடித்த ஷாட்களில் பாதி இடப்பக்கம் பறந்தன. வரும் மே மாதம் ஊட்டியோடு கொடைக்கானலும் போகிறோம். அங்கே காட்டுமாடுகள் ஃபேர்வேயிலேயே (ஆட்டப் பாதையின் புல்வெளி) மேயும் என்கிறார்கள். பந்து அதன் பக்கத்தில் கிடந்தால் விதி என்ன? அந்தப் பத்து சதவீதக் கணக்கில் எங்கே தப்பு?

வி., சென்னை

அன்புள்ள வி.,

உங்கள் நண்பர் சொன்னது முழுத் தப்பு இல்லை. ஆனால் மலையில் பந்து கூடுதலாகப் போவது சின்ன விஷயம். விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடுவதுதான் பெரிய விஷயம். அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஊட்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர், ஏறக்குறைய 7,350 அடி. சென்னையில் காற்றழுத்தம் 1,010 மில்லிபார் என்றால் இங்கே 775 பக்கம்தான் இருக்கும். காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இதில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. பந்தைத் தடுக்கும் விசை குறைகிறது, அதனால் தூரம் கூடுகிறது. பின்சுழற்சியால் பந்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் அதே அளவு குறைகிறது. அதனால் பந்து சென்னையில் ஏறும் உயரத்துக்கு ஏறாமல், தட்டையாகப் போய், தட்டையாக இறங்குகிறது. கிரீனில் நீங்கள் பார்த்த ஓட்டம் இதுதான்.

தூரத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஆயிரம் அடி உயரத்துக்கு 1.1 முதல் 1.2 சதவீதம். ஊட்டிக்கு எட்டரை சதவீதம் வரும். இது நல்ல வேகத்தில், நல்ல உயரத்தில் அடிப்பவருக்கான கணக்கு. மட்டையின் வேகம் குறைந்தவருக்குப் பந்து காற்றில் நிற்பதற்கே அந்தத் தூக்குவிசை தேவை. அது குறையும்போது, தடை குறைந்ததால் வந்த லாபத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது. டிரைவரில் (நெடுந்தூரத்துக்கான மட்டை) இது நன்றாகத் தெரியும். உங்கள் டிரைவர் 9 அல்லது 9.5 டிகிரி என்றால், மட்டையின் தலையைத் திருப்பி லாஃப்டை (மட்டை முகத்தின் சாய்வை) கூட்டும் வசதி இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டீயை (பந்தை ஏற்றி வைக்கும் ஆணி) அரை அங்குலம் உயர்த்தி, பந்தை இடது குதிகாலுக்கு நேராக வையுங்கள். மூன்றாம் நம்பர் வுட் (டிரைவரை விடக் கூடுதல் லாஃப்ட் உள்ள மட்டை) பல பேருக்கு மலையில் டிரைவர் அளவுக்கே போகும். ஒரே ஆறுதல், பக்கவாட்டில் வளைவதும் குறையும். சென்னையில் ஸ்லைஸாகி, அதாவது வலப்பக்கம் வளைந்து, எல்லை தாண்டி அவுட்டாகும் பந்து இங்கே ரஃப்போடு (ஓரத்து நீளப் புல்) நின்றுவிடலாம்.

காலையில் ஏன் எட்டவில்லை? டிசம்பர் அதிகாலையில் ஊட்டியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் அளவுக்குக் குளிர் இறங்கும். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். பத்து டிகிரிக்கும் இருபத்திரண்டு டிகிரிக்கும் நடுவே நான்கு சதவீத வித்தியாசம். பந்தின் உள்ளே இருக்கும் ரப்பரும் விறைத்து, துள்ளல் குறைகிறது. ஸ்வெட்டர் போட்ட தோள் முழுதாகத் திரும்பாது. பனி ஈரத்தில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும், ஓட்டம் கிடைக்காது. வெயில் ஏறிப் புல் காய்ந்ததும் இத்தனையும் தலைகீழ். நீங்கள் காலை முழுக்க ஒரே திருத்தத்தை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறீர்கள். (பந்தைக் கைச்சூட்டுப் பையில் வைத்துச் சூடாக்கி அடிக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை ஆடினால் விதி 4.2-இன்படி தகுதிநீக்கம்.)

அடுத்தது ஏற்ற இறக்கம். கிரீன் பத்து மீட்டர் கீழே இருந்தால் எவ்வளவு கழிப்பது என்பது பந்து இறங்கும் கோணத்தைப் பொறுத்தது. ஐம்பது டிகிரியில் இறங்கும் ஷார்ட் அயர்னுக்கு (குறுந்தூர மட்டை) எட்டு மீட்டருக்குச் சற்று மேல். நாற்பதுக்கும் குறைந்த கோணத்தில் இறங்கும் டிரைவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர். மேட்டுக் கிரீனுக்கு இதே அளவைக் கூட்ட வேண்டும். அங்கே ஒரு மட்டை அல்ல, இரண்டு மட்டை கூட எடுக்கத் தயங்கக் கூடாது.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொடி 150 யார்டில், கிரீன் எட்டு மீட்டர் பள்ளத்தில், நேரம் காலை பத்து, புல் காய்ந்துவிட்டது. பந்து ஓடும் என்பதால் கொடிக்குப் பத்து யார்டு முன்னால் விழ வேண்டும்: 140. பள்ளத்துக்காக ஏழு கழித்தால் 133. உயரத்துக்காக 1.085-ஆல் வகுத்தால் 122 அல்லது 123. குளிர் இன்னும் மிச்சம் இருந்தால் இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளலாம். ஆக, சென்னையில் 125 யார்டு பறக்கும் மட்டை வேண்டும். 150 என்றதும் கை ஏழாம் நம்பருக்குப் போகும், ஆனால் எடுக்க வேண்டியது உங்களுக்கு அநேகமாக ஒன்பதாம் நம்பர் (நம்பர் கூடக் கூட லாஃப்ட் கூடும், தூரம் குறையும்). லாஃப்ட் கூடுதலான மட்டை செங்குத்தாக இறக்கும், ஆகவே நிற்கவும் செய்யும். கிரீனுக்கு முன்னால் பங்கர் (மணல்குழி) இருந்தால் மட்டும் இந்தப் பத்து யார்டு ஓட்டத்தை நம்ப முடியாது. அப்போது கிரீனின் நடுவைப் பார்த்து அடித்து, பின்னால் போனால் போகட்டும் என்று விட வேண்டியதுதான்.

தூரமானியில் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் வசதி இருக்கும். நண்பர்களோடு ஆடும்போது தாராளமாகப் போடுங்கள். போட்டியில் கமிட்டி தனியாக அனுமதிக்காவிட்டால் அதை அணைத்துவிட வேண்டும்.

சரிவில் நிற்கும் விஷயத்தில் உங்கள் இடப்பக்க ஷாட்களுக்குக் காரணம் எளிது. பந்து பாதத்தைவிட மேலே இருந்தால், மட்டையின் அடிப்பகுதி சரிவோடு சாய்ந்து, முகம் இடப்பக்கம் பார்க்கிறது (வலக்கைக்காரருக்கு). லாஃப்ட் கூடக் கூட இந்தத் திருப்பமும் கூடும். ஐந்தாம் நம்பரில் கண்ணுக்குத் தெரியாத விலகல், லாஃப்ட் மிக அதிகமான மட்டையான வெட்ஜில் கிரீனையே தவற வைக்கும். பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து, கொஞ்சம் நிமிர்ந்து நின்று, வலப்பக்கம் குறிவைத்து அடியுங்கள். பந்து பாதத்துக்குக் கீழே இருந்தால் இதெல்லாம் எதிர்மாறு. முட்டியை மடித்து, அந்த மடிப்பை அடித்து முடிக்கும்வரை விடாமல், முக்கால் ஸ்விங். முழு வேகத்தில் போனால் உடம்பு எழும்பி, பந்தின் தலையில்தான் அடி விழும்.

மேல்நோக்கிய சரிவில் தோளைத் தரைக்கு இணையாகச் சாய்த்து, ஒரு மட்டை கூட எடுங்கள். இறங்கு சரிவில் பந்தை வலது காலுக்குக் கொஞ்சம் நெருக்கமாக வைத்து, லாஃப்ட் கூடுதலான மட்டையைச் சரிவோடு கீழே ஓட விடுங்கள். பந்தைத் தூக்கிவிட முயன்றால் மட்டை பின்னால் மண்ணில் குத்தும்.

நீலகிரியில் எங்கும் பரவிக் கிடக்கும் கிக்குயு புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் தண்டு தடித்து, படர்ந்து, மெத்தை போல இருக்கும். பந்து அதில் பாதி அமிழ்ந்துவிடும். நீள அயர்னை அங்கே எடுத்தால் புல் மட்டையின் கழுத்தைப் பிடித்து முகத்தை மூடிவிடும். வெட்ஜை எடுத்து, செங்குத்தாக இறக்கி, ஃபேர்வேக்குத் திரும்புவதே மரியாதை.

அந்த மஞ்சள் பூ முட்புதர் கார்ஸ். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வைத்தது, இப்போது மலையை விட்டுப் போக மறுக்கிறது. பந்தைத் தேட மூன்று நிமிடம்தான், அதனால் சந்தேகம் இருந்தால் முன்பே தற்காலிகப் பந்து ஒன்றை அடித்துவிடுங்கள். பந்து கிடைத்தும் ஆட முடியாவிட்டால் விதி 19, ஓர் அடி தண்டனை. இரண்டு மட்டை நீளம் பக்கவாட்டில் போனாலும் பல நேரம் புதருக்குள்ளேயே இருப்பீர்கள். கொடிக்கும் பந்துக்கும் நேர்கோட்டில் பின்னால் போவது மேல். சரிவில் போட்ட பந்து உருண்டு, போட அனுமதித்த பரப்புக்கு வெளியே போனால் மறுபடி போட வேண்டும். இரண்டாம் முறையும் உருண்டால், அது தரையைத் தொட்ட இடத்தில் கையால் வைக்க வேண்டும். மலையில் அடிக்கடி தேவைப்படும் விதி இது.

இனி காட்டுமாடு. 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் அவை மேய்வது சர்வ சாதாரணம். பெரிய காளை ஒரு டன் எடை வரை இருக்கும். சாதுவாகத் தெரியும். கன்று கூட இருந்தால், அல்லது வழியை மறித்தால், அந்தச் சாதுத்தனத்தை நம்பக் கூடாது. பந்து பக்கத்தில் கிடந்தால் விதி 16.2, ஆபத்தான விலங்கு என்ற கணக்கில் வரும். தண்டனை இல்லாமல், ஆபத்து இல்லாத மிக அருகிலுள்ள இடத்திலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், கொடிக்கு நெருங்காமல், முட்டி உயரத்திலிருந்து பந்தைப் போடலாம். பழைய பந்தை எடுக்கப் போக வேண்டியதில்லை, வேறு பந்து போதும். நின்ற பந்தை மாடு உதைத்துத் தள்ளினால் விதி 9.6-இன்படி பழைய இடத்தில் வைக்க வேண்டும், தண்டனை இல்லை.

குளம்புத் தடத்தில்தான் சண்டை வரும். கிரீனில் உள்ள தடத்தைச் சரிசெய்து பட் (குழியை நோக்கி உருட்டும் அடி) அடிக்கலாம், 2019 விதிகள் அதை அனுமதிக்கின்றன. ஃபேர்வேயில் தனியாக இருக்கும் ஒரு குளம்புக் குழியில் பந்து கிடந்தால் இலவச நிவாரணம் (தண்டனையின்றிப் பந்தை இடம் மாற்றும் சலுகை) கிடையாது, கிடந்தபடி ஆட வேண்டும். பன்றி கிளறிய இடம் அப்படி அல்ல. அது விலங்கு தோண்டிய குழி, நிவாரணம் உண்டு. கிளப்பின் உள்ளூர் விதி வேறு மாதிரி சொல்லலாம், ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

கிரீனில் மலையைப் பார்த்துக் கோடு பிடிக்காதீர்கள். பின்னால் நிற்கும் பெரிய சரிவு கண்ணை ஏமாற்றி, இறக்கத்தைச் சமதளமாகக் காட்டும். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று பாருங்கள், அல்லது கேடி (மட்டைப் பையைத் தூக்கி வருபவர்) சொல்வதைக் கேளுங்கள். மேடேறி வந்த மூச்சோடு பட் அடிக்கவும் வேண்டாம்.

மே மாதம் பிற்பகலில் இடி மின்னல் வரும். முதல் ஆட்டக்காரர்களோடு காலையிலேயே இறங்கினால் பதினொன்றரைக்குள் முடித்துவிடலாம். மின்னல் என்றால் விதி 5.7-இன்படி யாரையும் கேட்காமல் நிறுத்தலாம். தனியாக நிற்கும் யூக்கலிப்டஸ் மரத்தடிக்கு மட்டும் ஓடாதீர்கள். இரண்டு ஊரிலும் இருப்பவை கிளப் மைதானங்கள், வெளியாருக்கு எந்த நாளில் இடம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஊட்டி, கொடைக்கானல் இரண்டுக்கும் 2024 மே முதல் வாகனத்துக்கு இ-பாஸ் வந்துவிட்டது. அதையும் கிளம்பும் முன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.